அவர் நிரப்பி வைத்த தண்ணீர்

"நுரை எப்படி?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய்லர்க்காரர் வீட்டுக் கொல்லையில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். மற்ற வீட்டு ஆண்கள் எழுந்ததும் டீ ஆச்சா என்பார்கள், செய்தித்தாள் எங்கே என்பார்கள். இவர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று நுரையை விசாரிப்பார். துவைத்துக்கொண்டிருக்கும் மனைவி சோப்புக் கையைத் தூக்கிக் காட்டி, "பொங்குது" என்பாள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். பதினாறு வருஷம் இது நடந்தது.

அவர் வேலை பார்த்தது அட்டை மில். கூழிலிருந்து எடுத்த ஈர அட்டையைப் பெரிய பெரிய உருளைகளில் ஓடவிட்டு உலர்த்துவார்கள். உருளைக்குள் நீராவி. அந்த நீராவியை உண்டாக்குகிற கொதிகலனுக்கு அவர்தான் பொறுப்பு. கொதிகலனுக்குத் தண்ணீர் கொடுக்கிற பொறுப்பு அவளுடைய அண்ணனிடம் இருந்தது. மில்லில் இவர் பாய்லர்க்காரர், அண்ணன் தண்ணிக்காரர். "ஒருத்தர் நெருப்பு, ஒருத்தர் தண்ணி, நடுவுல மாட்டிக்கிட்ட நான்தான் ஆவி" என்று அவள் சொல்வதுண்டு. குடியிருப்பு முழுக்க அந்தச் சிரிப்பு பரவியிருந்தது.

ஆழ்குழாய்த் தண்ணீர் அங்கே பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அத்தனையும் சுண்ணாம்பு. அப்படியே கொதிகலனுக்குள் விட முடியாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்புத் தொட்டி, அதற்குள் கடுகு போலச் சின்ன மணிகள். தண்ணீர் அந்த மணிகளுக்குள் புகுந்து வரும்போது சுண்ணாம்பு உப்பை மணிகள் பிடித்துக்கொள்ளும். மூன்று நாளில் மணிகள் சோர்ந்துவிடும். அப்போது சாக்கு சாக்காகச் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றிக் கழுவினால் பிடித்து வைத்த சுண்ணாம்பை விட்டுவிட்டுப் பழையபடி வேலைக்குத் தயாராகும். அண்ணனுடைய வேலை அதுதான். உப்பைக் கரைக்க வேண்டும், ஊற வைக்க வேண்டும், அலச வேண்டும், சொட்டு மருந்து விட்டுச் சோதிக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். நல்ல தண்ணீரில் மருந்து நீலமாக நிற்கும். சுண்ணாம்புத் தண்ணீரில் சிவக்கும்.

அந்தத் தொட்டியிலிருந்து கொதிகலனுக்குப் போகும் குழாய், குடியிருப்பின் கடைசி வீடான இவர்கள் வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டிப் போனது. அதில் ஒரு திருகு குழாய் வைத்துக்கொள்ள மானேஜர் அனுமதித்திருந்தார். குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாய், துவைக்க இது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து அவளுக்கு விளக்கினார்.

"சமையல் உப்பு சாது. எவ்வளவு கொதிச்சாலும் கரைஞ்சு உள்ளேயே கிடக்கும். இந்தச் சுண்ணாம்பு உப்பு இருக்கு பாரு, பச்சைத்தண்ணியில அது இருக்கறதே தெரியாது. சூடு பட்டதும் வெளிய வந்து குழாய் மேல உக்காந்துக்கும். அப்புறம் எந்திரிக்காது."

"எங்க அண்ணி நம்ம வீட்டுக்கு வந்தா உக்கார்ற மாதிரியா?"

"நான் சொல்லல. நீயே சொல்லிட்ட."

"உக்காந்தா என்ன ஆகும்?"

"குழாய்க்குப் போர்வை போத்தின மாதிரி ஆகிடும். தீயோட சூடு தண்ணிக்குப் போகாது. அவ்வளவையும் குழாயே வாங்கிக்கும். இரும்புதானே, எவ்வளவு நாள் தாங்கும்?"

"அதான் அண்ணன் மருந்து விட்டுப் பாத்து எழுதுறானே. அப்புறம் எதுக்கு என் நுரை?"

"மச்சான் எழுதுறான். நம்பாம இல்ல. ஆனா மருந்து தீர்ந்துபோச்சுன்னா கண்ணால பாத்து நீலம்னு எழுதிடுவான். எண்ணெய் சோப்புக்கு அதெல்லாம் தெரியாது. சுண்ணாம்பு இருந்தா திரிஞ்சுபோகும், இல்லேன்னா பொங்கும்."

ஆகவே வீட்டில் எப்போதும் பழுப்பு நிற எண்ணெய் சோப்பு. செய்தித்தாளில் சுற்றிய நீளக் கட்டி. கம்பி வைத்து மூன்றாக அறுத்துக்கொள்வாள். பக்கத்து வீடுகளில் எல்லாம் வாசனைத் தூளுக்கு மாறிப் பல வருஷம் ஆன பிறகும் இவள் மாறவில்லை. "என் வீட்டு லேபரட்டரி" என்று அவர் மில்லில் பெருமையடித்துக்கொள்வார்.

அண்ணன் அவசரக்காரன். மணிகளைக் கழுவின பிறகு உப்பு போக நன்றாக அலசாமல் வால்வைத் திருப்பிவிடுவான். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை கொல்லைக் குழாயில் அரை மணி நேரம் உப்புக் கரிக்கும். அன்றைக்கு அவள் முதல் இரண்டு வாளியை வாசலில் கொட்டிவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "அண்ணா, இன்னிக்கு ஊறுகாய் போடலாம் போலிருக்கே" என்று கத்துவாள். "போடு, போடு, எனக்கும் ஒரு பாட்டில்" என்று பதில் வரும்.

அந்த வருஷம் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. சனிக்கிழமை மாலை பிடித்து ஞாயிறு முழுக்க விடவில்லை. காற்றில் மில்லின் தகரங்கள் பறந்தன. அந்த வாரமே, புதன்கிழமை, அவள் துவைக்க உட்கார்ந்தபோது சோப்பு பொங்கவில்லை. தேய்க்கத் தேய்க்கத் துணிமேல் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக ஒட்டியது. பாத்திரத்தில் கெட்டுப்போன பால் மாதிரி மேலே மிதந்தது. அவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சாக்கை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, சோப்பு திரியுதே. தண்ணி சரியா இருக்கா?"

அவன் சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தான். சுவர்மேல் கையை வைத்து எட்டிப் பார்த்தான். "எத்தனை நாளா?"

"இன்னிக்குத்தான் பாத்தேன்."

"மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"அவரு வந்தாத்தானே."

"சோப்பு பழசாப் போச்சும்மா. மழை ஈரத்துல ஊறியிருக்கும். இந்தக் காலத்துல யாரு இதைப் போட்டுத் துவைக்கிறாங்க? கையைப் பாரு உனக்கு, எப்படிக் காப்புக் காய்ச்சிக் கிடக்கு."

மாலை அவர் வருவதற்கு முன்னால் அண்ணன் வந்துவிட்டான். கையில் ஒரு பெரிய நீலப் பாக்கெட், வாசனைச் சோப்புத்தூள், இரண்டு கிலோ. அம்மா போன பிறகு அவன் அவளுக்கென்று எதையும் வாங்கி வந்ததில்லை. அவள் பாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எதுக்குண்ணா இதெல்லாம்?"

"தங்கச்சிக்கு அண்ணன் வாங்கித் தரக் கூடாதா? போட்டுப் பாரு. கை வலிக்காது."

ஒரு பிடி போட்டு வாளியில் கலக்கினாள். நுரை வாளி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அண்ணன் சிரித்தான். "பாத்தியா. நான் சொல்லல?" அலமாரியில் இருந்த பழைய சோப்புக் கட்டிகள் மூன்றையும் எடுத்துத் தோளில் கிடந்த துண்டில் முடிந்துகொண்டான். "இதை உங்க அண்ணி தரை கழுவ எடுத்துக்குவா. வீணாக்க வேணாம்." சோப்புதான் கெட்டிருக்கிறது என்று அவளும் நம்பினாள்; அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரஷ்ஷோடு வந்து கேட்டார். "நுரை எப்படி?"

"பொங்குது" என்றாள். "எப்பவும் இல்லாத மாதிரி பொங்குது. அண்ணன் வாங்கிக் குடுத்த தூளு."

"மச்சானா? கைக்காசு போட்டு வாங்கினானா? அதான் மழை பெஞ்சிருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார். தூள் எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. சோப்பென்றால் எல்லாம் சோப்புதான் என்று நினைத்துவிட்டார். அவளுக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறும் கேட்டார். பொங்குது என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். பொங்குது என்றாள். கை முன்னைவிடச் சொரசொரப்பாகிக்கொண்டே வந்தது. தூள் காரம் போல என்று எண்ணெய் தடவிக்கொண்டாள். குழாயில் உப்புக் கரிக்கவே இல்லை. அண்ணன் இப்போதுதான் ஒழுங்காக அலசுகிறான் என்று சந்தோஷப்பட்டாள்.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை அவருக்குப் பகல் ஷிப்டு. போவதற்கு முன்னால் கொல்லை டிரம்மைக் குழாயில் நிரப்பி மூடி போட்டுவிட்டுப் போனார். அவளுக்கு இடுப்பு வலி. வாளி தூக்காதே என்றார். பதினொரு மணிக்குக் கொதிகலனுக்குள் ஒரு குழாய் வெடித்தது. வெந்நீரும் ஆவியும் அடுப்பு வாய் வழியாக அவர் மேல் வந்தன. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து இறந்தார். பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. அண்ணன்தான் எல்லாவற்றையும் பார்த்தான். ஆட்களைக் கூப்பிட்டான், கையெழுத்துப் போட்டான், அழுதான். அவளைவிட அதிகமாக அழுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மில்லிலிருந்து அவருடைய பொருட்களை ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். டிபன் பாக்ஸ், மூக்குக் கண்ணாடி, ஒரு சட்டை, கை கழுவ வைத்திருந்த பாதிச் சோப்பு. அவள் பையை ஆணியில் மாட்டினாள். கொல்லை டிரம்மை அவள் திறக்கவில்லை. துவைக்கக் குழாயில் நேரே பிடித்துக்கொண்டாள். அவர் கடைசியாகச் செய்த வேலை அந்த டிரம்மில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கொதிகலன் ஆய்வாளர் விசாரணையைத் தொடங்கினார். குழாய்மேல் காசு தடிமனுக்குச் சுண்ணாம்பு ஓடு படிந்திருந்ததாம். ஆனால் தண்ணீர் நோட்டில் ஒருநாள் விடாமல் நீலம், நீலம் என்று எழுதியிருந்தது. அப்படியானால் அடியில் சேரும் கசடைப் பாய்லர்க்காரர் திறந்து விடாமல் சோம்பியிருந்திருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. குடியிருப்பில் சிலர் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஷிப்டுக்கு இரண்டு முறை, கடிகாரம் பார்த்துக் கசடு திறந்துவிட்ட மனிதர் அவர்.

எல்லாரிடமும் வாக்குமூலம் வாங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு நீலப் பாக்கெட் தீர்ந்தது. அன்றைக்குத்தான் அவள் ஆணியிலிருந்த பையை இறக்கினாள். சட்டையைத் துவைத்துவிடலாம் என்று தோன்றியது. அவர் சோப்பு, அவர் பிடித்து வைத்த தண்ணீர் என்று மனசு கணக்குப் போட்டது. டிரம்மைத் திறந்து ஒரு வாளி மொண்டாள். சோப்பைத் தேய்த்தாள்.

திரிந்தது.

சாம்பல் நிறத்தில் திரிதிரியாகச் சட்டைக் காலரில் ஒட்டியது. தண்ணீர் பழசாகிவிட்டது என்று நினைத்துக் குழாயைத் திறந்து இன்னொரு வாளியில் பிடித்து அதே சோப்பைத் தேய்த்தாள். நுரை முழங்கை வரை ஏறியது. இரண்டு வாளிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, நீலப் பாக்கெட்டின் அடியில் ஒட்டியிருந்த தூளை ஒரு குவளை டிரம் தண்ணீரில் உதறிப் பார்த்தாள்; அதில் தூள் மட்டும் நுரைத்தது. பிறகு எழுந்து, அவர் ஷிப்டுக்குக் கொண்டுபோகும் இரண்டு பாட்டில்களைக் கழுவி, ஒன்றில் டிரம் தண்ணீரும் ஒன்றில் குழாய்த் தண்ணீரும் நிரப்பி அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

மறுநாள் மாலை அண்ணன் ஒரு டைப் அடித்த தாளோடு வந்தான். "கையெழுத்து மட்டும் போடும்மா. தற்செயலா நடந்தது, யார் மேலயும் குறை இல்லேன்னு இருக்கு. மில்லுல நல்லாப் பாத்துக்குவாங்க."

"போடறேன். சாப்பிட்டியா?"

"இல்ல."

"கை கழுவிட்டு வா. வாளி வச்சிருக்கேன். சோப்பும் இருக்கு."

அவன் கொல்லைக்குப் போனான். அவள் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றாள். அண்ணன் சோப்பை எடுத்தான், தேய்த்தான், நிறுத்தினான். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலிடுக்கில் திரி ஒட்டியிருந்தது. பிறகு டிரம்மைப் பார்த்தான்.

"இந்தச் சோப்பு எங்க இருந்துச்சு?"

"அவரு பையில. நீ மூணு கட்டிதான் எடுத்துட்டுப் போன. இது உனக்குத் தெரியாது."

அவன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். விரலிடுக்கில் ஒட்டிய திரியைச் சுரண்டினான். பேசியபோது சின்ன வயதில் அம்மாவிடம் மாட்டிக்கொண்டால் வருமே, அந்தக் குரல்.

"பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு சொல்லி அனுப்பினாங்க. அந்தச் சனிக்கிழமை சொல்லாம கொள்ளாம போயிட்டேன். உப்புச் சாக்கு மேல தார்ப்பாய் போடல. வந்து பாக்கறேன், நாப்பது சாக்கும் தோலு மாதிரி படுத்துக் கிடக்கு. கையில அள்ள ஒரு கல்லு இல்ல. எல்லாம் கரைஞ்சு சாக்கடையில போயிடுச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? முன்னாடியே ஒருதரம் எச்சரிக்கை குடுத்திருக்காங்க. அடுத்த லோடு பத்து நாள்ல வரும்னு இருந்தேன். வரல. மாப்பிள்ளை போன பிறகுதான் வந்துச்சு."

"மானேஜர் உப்புக் கொட்டகையைப் பாக்கலையா?"

"சாக்குல சாம்பல் ரொப்பி அடுக்கி வச்சேன். புது லோடும் அது மேலதான் கிடக்கு."

அவள் படியிலிருந்து இறங்கினாள். "ஏது சாம்பல்? பாய்லர் அடுப்புச் சாம்பலா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னது அவளுக்கு நினைவு வந்தது: மச்சானுக்குத் தோட்டம் போடற ஆசை வந்திடுச்சு, வண்டி வண்டியா சாம்பல் கேக்கறான், நானே மண்வெட்டி போட்டு அள்ளிக் குடுத்தேன்.

"அவரையே அள்ள வச்சிருக்க."

"தெரிஞ்சா செஞ்சேன்? இப்படி ஆகும்னு நினைப்பேனா? மாப்பிள்ளை எனக்கும் வேண்டியவருதானேம்மா."

"மருந்து சிவப்பாத்தானே வந்திருக்கும். தினமும் பாத்திருப்பல்ல."

"பாக்கறதை நிறுத்திட்டேன்."

"எனக்குத் தூள் வாங்கிக் குடுத்தியே. அது எதுக்குன்னு சொல்லு."

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். குரல் மாறியிருந்தது. "போனவரு போயிட்டாரு. நான் உள்ள போனா உனக்கு யாரு இருக்கா? இன்னொண்ணும் யோசிச்சுக்க. நீ வாயைத் தொறந்தா உன் பேரும்தான் வரும். வாராவாரம் நுரை பொங்குதுன்னு சொன்னது யாரு? மாப்பிள்ளை என்கிட்டயே சொன்னாரு, என் லேபரட்டரி பாஸ் போட்டாச்சு மச்சான், நீ நிம்மதியா இருன்னு."

அவள் குனிந்து சோப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உள்ள போய் சோத்தைப் போடு" என்றான் அண்ணன். "இந்தத் தண்ணி நாத்தம் புடிச்சிருக்கு. கொட்டிடறேன்." அவள் ஏதும் சொல்வதற்குள் இரண்டு கையாலும் டிரம்மைச் சாய்த்தான். தண்ணீர் கொல்லை முழுக்க ஓடி, அவள் பாதத்தை நனைத்து, சுவரோரச் சாக்கடையில் இறங்கியது. அவர் பிடித்து வைத்த தண்ணீர். அண்ணன் டிரம்மைக் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் பரிமாறினாள். கையெழுத்தை நாளைக்குப் போடுகிறேன் என்றாள்.

விசாரணை மில் கேன்டீனில் நடந்தது. நீள மேசை, ஆய்வாளர், அவருக்குப் பக்கத்தில் எழுதுகிறவர், எதிரே மானேஜரும் அண்ணனும். மேசைமேல் ஓட்டுச்சில்லு மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு, குழாயிலிருந்து பெயர்த்தது. அவள் தூக்குப்பையிலிருந்து இரண்டு பாட்டில்களையும் சோப்பையும் எடுத்து அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கத்தியால் சோப்பைச் சீவி இரண்டிலும் போட்டாள். "குலுக்கிப் பாருங்க சார்."

ஆய்வாளர் வயதானவர். ஒன்றும் கேட்காமல் குலுக்கினார். ஒன்று கழுத்துவரை நுரைத்தது. இன்னொன்றில் திரி மிதந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது எப்பப் பிடிச்ச தண்ணி?"

"வெடிச்ச அன்னிக்குக் காலையில. அவரு பிடிச்சு வச்சது."

"அதை எப்படிம்மா நம்புறது?"

"நம்ப வேணாம் சார். நேத்து சாயங்காலம் எங்க வீட்டு டிரம்மை எதுக்குக் கவுத்தான்னு எங்க அண்ணனைக் கேளுங்க. அப்புறம் உப்புக் கொட்டகையில அடி வரிசைச் சாக்கை அவுத்துப் பாருங்க."

மானேஜர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை, ஏமாந்துபோனவன் பார்வை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாக்கைப் பார்க்கப் போனவர்கள் சாம்பல் படிந்த கையோடு திரும்பி வந்தார்கள். ஆய்வாளர் வெகுநேரம் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கும்மா. மூணு வாரம் தண்ணி கெட்டிருக்கு. உங்க வீட்டுக்காரர் அனுபவசாலி. அவருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? தெரிஞ்சே ஓட்டினாருன்னா அவர் மேலயும் தப்பு வரும்."

கேன்டீனில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அண்ணன் தலை நிமிரவில்லை.

"தெரியாது சார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்கிட்ட கேப்பாரு, சோப்பு நுரைக்குதான்னு. அதான் அவரு சோதனை. மூணு வாரமும் கேட்டாரு. நான்தான் பொங்குதுன்னு சொன்னேன்."

"பொங்கிச்சா?"

"பொங்குச்சு. சோப்பு இல்ல சார் அது, தூளு. எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. எந்தத் தண்ணியிலயும் நுரைக்கும். அப்ப எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்."

"இதை எழுதிக்கலாமா? உங்க பேர் வரும்."

"எழுதிக்குங்க."

எழுதுகிறவர் எழுதி முடித்தார். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தார். அவள் ஒரு வரிக்காகக் காத்திருந்தாள், வரவில்லை.

"அவரு என்னை நம்பினாருன்னு இல்லையே."

ஆய்வாளர் எழுதுகிறவருக்குத் தலையசைத்தார். அந்த வரியும் ஏறியது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து கொல்லைக்குப் போனாள். டிரம் கவிழ்ந்தே கிடந்தது. அவருடைய சட்டை அரைகுறையாகத் துவைத்தபடி வாளியில் இருந்தது. காலரில் திரி காய்ந்து ஒட்டியிருந்தது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. யாரோ புது ஆள், அலசாமல் வால்வைத் திருப்பியிருக்கிறான். இரண்டு வாளியைக் கொட்டிவிட்டு மூன்றாவது வாளியில் சட்டையை முக்கி, தேய்ந்து சில்லாகிவிட்ட சோப்பைக் காலரில் வைத்துத் தேய்த்தாள். நுரை பொங்கி விரல்களை மூடியது.

கேட்பதற்கு யாரும் இல்லை. அவளும் சொல்லவில்லை.